ஆற்றின் நடுவே என்ஜின் நின்றால்: கொள்ளிடத்தில் சிறு படகு எடுக்கும் புதியவர்களுக்கு

பெட்ரோல் டேங்கின் மூடி மேல் சின்னதாக ஒரு திருகு இருக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். என் முதல் பயணத்தில் என்னை நடு ஆற்றில் நிறுத்தியது அதுதான்.

கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழையாறு துறையிலிருந்து கிளம்பி, கொள்ளிடம் பாலம் இருக்கும் திசையில் ஏறிக்கொண்டிருந்தோம். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது. நன்றாக ஓடிய என்ஜின் இரண்டு முறை இருமியது, சுருதி இறங்கியது, நின்றுவிட்டது. புதிதாக வருகிற எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். சோக்கைப் போட்டு இழுத்தேன், சோக்கை எடுத்து இழுத்தேன், உள்ளங்கை சிவக்க இழுத்தேன். மூச்சு வாங்கித் தலையைத் தூக்கினால், சற்றுமுன் தாண்டி வந்த பனைமரம் மறுபடி எங்களுக்கு நேராக நின்றது. தண்ணீர் வற்றுகிற நேரம். படகு தன்போக்கில் முகத்துவாரத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

கூட வந்தவர் அந்தப் பக்கத்துப் படகுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர். பீடியை அணைத்துவிட்டு எழுந்தார். "என்ஜின் எங்கயும் ஓடிடாது தம்பி. படகுதான் ஓடுது. மொதல்ல அதப் புடி" என்றார். நங்கூரத்தை இறக்கிக் கயிற்றைப் படகின் முன்மூக்கில், அணியத்தில் கட்டினார். படகு ஒரு குலுங்கு குலுங்கி, மூக்கை மேற்கே திருப்பி நின்றது. பிறகுதான் டேங்க் பக்கம் குனிந்து அந்தத் திருகைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போகும் சத்தம். பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் பம்ப்பை ஐந்தாறு அமுக்கு, கயிற்றில் ஒரே இழுப்பு, என்ஜின் பிடித்துக்கொண்டது.

வண்டியில் ஏற்றி வரும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அந்தக் காற்றுத் திருகை நான்தான் மூடியிருந்தேன். திறக்க மறந்துவிட்டேன். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று வந்தாக வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது நின்றுவிடும்.

இந்தக் கட்டுரை என்னைப் போல 5 முதல் 15 குதிரைத்திறன் வரையுள்ள அவுட்போர்டு என்ஜினைச் சின்ன ஃபைபர் படகின் பின்பலகையில் மாட்டிக்கொண்டு ஆற்றுக்குள் போகிறவர்களுக்கு. டீசல் போட்டு ஓடும் நீளவால் என்ஜினுக்கு வைத்தியம் வேறு. ஆனால் முதல் இரண்டு பகுதிகள் எல்லாப் படகுக்கும் பொருந்தும்.

முதல் ஒரு நிமிடம்

என்ஜின் நின்றதும் என்ஜினைப் பார்க்காதீர்கள். கரையைப் பாருங்கள். ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ குறி வைத்துக்கொண்டால், படகு எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது பத்து விநாடியில் தெரிந்துவிடும். எல்லோரையும் உட்காரச் சொல்லுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மேலே உட்கார்ந்திருப்பவர் ஒருவராவது நிச்சயம் இருப்பார். அவரைப் போடச் சொல்லுங்கள். என்ஜினைப் பார்க்க நான்கு பேரும் பின்பக்கம் குவிந்தால், சின்னப் படகின் பின்பலகை வழியாகவே தண்ணீர் ஏறிவிடும்.

அடுத்தது நங்கூரம். கட்டும் இடம் எப்போதும் அணியம், அதாவது முன்மூக்கு. பின்பக்கத்தில் கட்டினால், இழுப்பு உள்ள தண்ணீரில் படகின் தாழ்ந்த பின்பலகை நீரோட்டத்துக்கு முகம் கொடுக்கும். தண்ணீர் உள்ளே கொட்டும். படகைக் கவிழ்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நங்கூரத்தை வீசி எறியாதீர்கள். கால் கயிற்றில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையால் இறக்குங்கள். தரை தட்டியதும் கயிற்றை விட்டுக்கொண்டே வாருங்கள். ஆழத்தைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு கயிறு வெளியே போக வேண்டும்: 3 மீட்டர் ஆழம் என்றால் 15 மீட்டர். புதியவர்கள் தரையைத் தொட்டதுமே இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். அப்போது கயிறு செங்குத்தாக நின்று நங்கூரத்தை மேலே தூக்கும். அது மணலைக் கவ்வாமல் துள்ளித் துள்ளி வரும். கயிறு நீளமாகச் சாய்ந்து போனால்தான் நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுத்து மணலில் புதைக்கும். கொள்ளிடத்தின் அடி பெரும்பாலும் மணல். நம் பக்கத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு கொக்கி நங்கூரம் பாறையிலும் வேரிலும் நன்றாகப் பிடிக்கும், மணலில் அவ்வளவாகப் பிடிக்காது. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு மீட்டர் இரும்புச் சங்கிலி சேர்த்துக்கொண்டால் பிடிப்பு நன்றாகக் கூடும். நான் சேர்த்திருக்கிறேன். கனம்தான், தூக்க அலுப்பாக இருக்கும்.

நங்கூரம் பிடித்ததா என்பதைக் கயிற்றில் விரல் வைத்தே சொல்லிவிடலாம். பிடித்திருந்தால் கயிறு விறைப்பாக, அசையாமல் இருக்கும். இழுபட்டுக்கொண்டிருந்தால் தடதடவென்று அதிரும். முழங்கால் ஆழம்தான் என்றால் மூங்கில் கழியை ஊன்றிக் கட்டினாலும் போதும்.

தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது

இதைக் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆற்றில் மேலிருந்து வரத்து இல்லாத மாதங்களில், கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் தண்ணீரின் போக்கைத் தீர்மானிப்பது கடல்தான். சுமார் ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வற்றும். ஏறும்போது என்ஜின் நின்றால் படகு மெல்ல உள்ளே, ஊர்ப்பக்கம் போகும், பதற ஒன்றுமில்லை. வற்றும்போது நின்றால் முகத்துவாரத்துக்குத்தான் இழுக்கும். அங்கே மணல் திட்டின் மேல் அலை உடையும். என்ஜின் இல்லாத படகு அதில் குறுக்காக மாட்டினால் புரண்டுவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும்போது இழுப்பும் அதிகம்.

ஆகவே புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது: தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கிளம்புங்கள், ஏறுகிற தண்ணீரோடு மேலே போங்கள், வற்றத் தொடங்கியதும் இறங்கித் துறைக்குத் திரும்புங்கள். துறையைத் தாண்டிக் கிழக்கே, கடல்பக்கம் போகவே வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று மேற்கே அடிக்கும். வற்றும் தண்ணீர் கிழக்கே போகும். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் அலை குட்டையாக, செங்குத்தாக எழும். காலையில் கண்ணாடி போலிருந்த அதே இடம்தானா என்று ஆகிவிடும்.

மேலிருந்து வரத்து இருக்கும்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. மேட்டூர் நிரம்பினால் உபரியை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில்தான் தள்ளுவார்கள். காவிரியின் வெள்ள வடிகால் இதுதான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகளையே அடித்துக்கொண்டு போன ஆறு இது. நாதல்படுகை, முதலைமேடு திட்டு என்று ஆற்றுக்குள்ளேயே இருக்கும் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வெள்ளம் வந்தால் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கும் நாளில் படகை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்த இழுப்பில் நங்கூரமும் நிற்காது.

எப்படி நின்றது?

படகு நின்றுவிட்டது. தண்ணீர் குடியுங்கள். இப்போது யோசிக்க நேரம் இருக்கிறது. என்ஜின் நின்ற விதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இருமி, திணறி, மெல்ல இறங்கி நின்றதென்றால் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நின்றதென்றால் பொறி போய்விட்டது, அல்லது தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் விசிறியில் எதுவோ சுற்றி இறுக்கிவிட்டது. சக்தி குறைந்து, சூடான வாசனை வந்து நின்றதென்றால் குளிர்நீர் வரவில்லை. என்ஜின் கத்துகிறது, படகு நகரவில்லை என்றால் கோளாறு என்ஜினில் இல்லை, விசிறியில்.

பட்டென்று நின்றிருந்தால் முதலில் சிவப்புக் கயிற்றைப் பாருங்கள். ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் என்ஜின் தானாக நிற்பதற்காக மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சுருள் கயிறு அது. அதன் கிளிப் என்ஜின் பொத்தானிலிருந்து கழன்றிருந்தால் நாள் முழுக்க இழுத்தாலும் பிடிக்காது. குழந்தைகள் கூட வந்தால் அந்தச் சிவப்புக் கயிறு கண்ணை உறுத்தும், பிடித்து இழுத்துவிடுவார்கள். அதற்குப் பயந்து கிளிப்பை நிரந்தரமாகக் கட்டிப்போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டுபவர் இல்லாமல் விசிறி சுழன்றபடி வட்டமடிக்கும் படகைப் பார்த்தால் அப்படிச் செய்ய மாட்டார்கள். இன்னொரு கிளிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அதோடு கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கியரில் இருந்தால் பல மாடல்களில் கயிறே வராது. புதியவர்கள் கயிறு சிக்கிவிட்டது என்று நினைத்து மூடியைக் கழற்றத் தொடங்குவார்கள்.

பெட்ரோல் வழி

என் அனுபவத்தில் பத்துக்கு ஏழு தடவை கோளாறு இங்கேதான். டேங்கில் தொடங்கி என்ஜின்வரை வரிசையாகப் போங்கள், நடுவில் தாவாதீர்கள்.

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், மூடியில் இருக்கும் முள் பொய் சொல்லும். டேங்கைத் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள். காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? குழாயின் மேல் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா, ஐஸ் பெட்டியை வைத்திருக்கிறார்களா? குழாயின் இரண்டு முனையிலும் கிளிக் என்று மாட்டும் இணைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா? பாதி மாட்டியிருந்தாலும் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு காற்றை இழுத்துக்கொண்டு நிற்கும். அந்த இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்துப்போவது சாதாரணம்.

இப்போது குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப்பைக் கையில் எடுங்கள். அதில் ஒரு அம்புக்குறி இருக்கும். அது என்ஜினைப் பார்த்து இருக்க வேண்டும். அம்பு மேலே பார்க்கிற மாதிரி நிமிர்த்திப் பிடித்து அமுக்குங்கள். இந்த ஒரு ரப்பர் உருண்டை நிறையச் சொல்லும். அமுக்க அமுக்கக் கல்லாக இறுகினால் பெட்ரோல் என்ஜின்வரை வந்துவிட்டது. அமுக்கியது அப்படியே சப்பையாக ஒட்டிக்கொண்டு எழும்பாவிட்டால் டேங்க் பக்கம் அடைப்பு, பெரும்பாலும் அந்தக் காற்றுத் திருகுதான். எவ்வளவு அமுக்கினாலும் தொளதொளவென்றே இருந்தால் டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று புகுகிறது. அமுக்கும்போது என்ஜினிலிருந்து பெட்ரோல் சொட்டினால் கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது. உடனே நிறுத்துங்கள், யாரும் தீப்பெட்டியைத் தொடக்கூடாது.

அடுத்து பெட்ரோலில் தண்ணீர். என்ஜின் மூடிக்குள் சின்னக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கிண்ணம் இருந்தால் அதுதான் வடிகட்டி. பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம், அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். கண்ணுக்கு நேரே பிடித்தால் நடுவில் ஒரு கோடு தெரியும். அதைக் கழற்றி ஒரு பாட்டிலில் ஊற்றுங்கள், ஆற்றில் கொட்டாதீர்கள். வேட்டித் துணியால் துடைத்து மாட்டுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். கடலோரத்தில் பாதி டேங்கை இரண்டு மாதம் மூலையில் போட்டுவைத்தால் அந்தப் பெட்ரோலை நம்பக்கூடாது. பயணம் முடிந்ததும் மீதியை டேங்கிலேயே விட்டுவிடலாம் என்ற சோம்பல் எனக்கும் உண்டு. அதன் விலையை இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன்.

டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு ஆயில் கலப்பை என்ஜினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துச் செய்யுங்கள். 50-க்கு 1 என்று போட்டிருந்தால் 1 லிட்டருக்கு 20 மில்லி, 10 லிட்டருக்கு 200 மில்லி. துறையில் மீனவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஊற்றாதீர்கள். அவர்கள் என்ஜின் அதற்கென்று செய்தது. கலப்புக் கணக்கும் வேறு.

பிளக்

பெட்ரோல் வருகிறது, இழுத்தால் பிடிக்கவில்லை, மூக்கில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது. அப்படியென்றால் சோக்கைப் போட்டு இழுத்து இழுத்து உள்ளே பெட்ரோலைக் குளம் கட்டியிருக்கிறீர்கள். சோக்கை எடுங்கள், பெட்ரோல் குழாயைக் கழற்றுங்கள், ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்து ஏழெட்டு இழுப்பு இழுங்கள். தேங்கியது வெளியேறினால் பிடிக்கும். பிடித்ததும் கத்தும், உடனே ஆக்சிலேட்டரைக் குறைத்துக் குழாயை மாட்டுங்கள்.

பிடிக்காவிட்டால் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றுங்கள். என்ஜினோடு தந்த பிளக் ஸ்பேனரைத் தொலைக்காமல் இருப்பவர் பாக்கியசாலி. கழற்றிய பிளக்கை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். முனை வெளிர்ப் பழுப்பாக இருந்தால் நல்லது. கருப்பாக, ஆயில் பசையோடு இருந்தால் ஆயில் கூடிவிட்டது அல்லது பிளக் ஓய்ந்துவிட்டது. சொதசொதவென்று பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைத்துக் காயவைக்கலாம். முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் மறுபடி வடிகட்டிக்குப் போங்கள்.

பிளக்கை என்ஜின் உடம்பில் தொட்டு வைத்து இழுத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் வித்தை எல்லா மெக்கானிக்கும் செய்வது. பெட்ரோல் ஆவி சூழ்ந்த படகில் அதைச் செய்ய வேண்டாம். புதுப் பிளக் இரண்டு கையில் வைத்திருங்கள், பழையதை எடுத்துப் புதியதைப் போடுங்கள். முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் அலுமினியத் தலையில் மரை அழிந்துவிடும். ஆற்றின் நடுவில் அதற்கு மருந்து கிடையாது. கீழே விழுந்தால் பிடிக்க என்ஜினுக்கு அடியில் ஒரு துண்டை விரித்துக்கொள்ளுங்கள். என்னுடைய பிளக் ஸ்பேனர் ஒன்று இப்போதும் கொள்ளிடத்தின் அடியில்தான் இருக்கிறது.

விசிறி

நம் ஆறுகளில் விசிறிக்கு எதிரிகள் மூன்று: ஆகாயத்தாமரை, அறுந்த வலை, பிளாஸ்டிக் சாக்கு. மேலே நன்னீர்ப் பகுதியில் ஆகாயத்தாமரை, கீழே உப்புநீரில் வலைத்துண்டு.

தாமரைக்கு எளிய வழி, நியூட்ரலுக்கு வந்து, மெல்லப் பின்கியர் போடுவது. பாதி தானாக அவிழ்ந்துவிடும். வலைக்கு அது உதவாது, இன்னும் இறுகும். என்ஜினை நிறுத்துங்கள், சிவப்புக் கிளிப்பைக் கழற்றிப் பையில் போடுங்கள், என்ஜினைத் தூக்கிச் சாய்த்துத் தாழ் போடுங்கள். கிளிப் உங்கள் பையில் இருக்கும்வரை யாரும் தவறிக் கயிற்றை இழுத்தாலும் என்ஜின் பிடிக்காது. இதைச் செய்யாமல் விசிறிப் பக்கம் விரலைக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். வெயிலாக இருக்கிறது, தண்ணீர் இடுப்பளவுதான், இறங்கி நின்று அறுத்துவிடலாம் என்று தோன்றும். இறங்காதீர்கள். கொள்ளிடத்திலும் சிதம்பரம் பக்கத்துப் பழைய கொள்ளிடத்திலும் முதலை உண்டு. குளிக்கப் போனவரை, மாடு கழுவப் போனவரைக் கடித்த செய்தி அந்தப் பக்கம் புதிதில்லை. முதலைமேடு என்று ஊருக்குச் சும்மாவா பெயர் வைத்தார்கள்? முதலை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு அடி தள்ளி மணல் எடுத்த பள்ளம் இருக்கலாம்.

படகுக்குள் மண்டியிட்டு, பின்பலகை மேல் வயிற்றை வைத்துக் கையை நீட்டுங்கள். ஒருவர் உங்கள் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் எடைக்காக முன்பக்கம் போகட்டும். கத்திக்குக் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். நைலான் வலையை இழுத்து அவிழ்க்கப் பார்க்காதீர்கள். விசிறி சுழன்ற வேகத்தில் உரசி உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தண்டோடு ஒட்டி, நீளவாக்கில் ஒரு கீறல் கீறினால் சுருள் சுருளாகக் கழன்று வரும். அரிவாள்மனையை எடுத்து வந்த நண்பர் ஒருவர் உண்டு, வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது. தூண்டில் நரம்பாக இருந்தால் வீட்டுக்குப் போனதும் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் ஆயில் சீல் வரை அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

என்ஜின் கத்தியும் படகு நகராவிட்டால் இரண்டு காரணம். சிறிய என்ஜின்களில் விசிறியைத் தண்டோடு பிணைக்கும் பித்தளை ஊசி ஒன்று உண்டு. மணல் திட்டிலோ கட்டையிலோ விசிறி மோதினால் கியர் உடையாமல் இருக்க அந்த ஊசி தன்னை முறித்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் பிளவு ஊசியைக் குறடால் நிமிர்த்தி எடுத்து, விசிறியை உருவி, புது ஊசி போட ஐந்து நிமிடம். வாங்கும்போதே நான்கைந்து வாங்கி வையுங்கள். அவசரத்துக்கு ஆணியைப் போடுகிறவர்கள் உண்டு. ஆணி முறியாது, அடுத்த மோதலில் கியர்தான் முறியும். கொஞ்சம் பெரிய என்ஜின்களில் ஊசிக்குப் பதிலாக விசிறியின் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும். அது வழுக்கினால் ஆற்றில் சரிசெய்ய முடியாது. ஆனால் மிகக் குறைந்த வேகத்தில் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும், ஊர்ந்தபடி துறைக்கு வந்துவிடலாம்.

சூடு

என்ஜின் ஓடும்போது அதன் பக்கவாட்டிலிருந்து ஊசி மாதிரி ஒரு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். அது நின்றால் என்ஜினை உடனே நிறுத்துங்கள். தூக்கிச் சாய்த்து, கீழ்க்காலில் இருக்கும் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் இலையோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பீய்ச்சும் துளையில் மெல்லிய கம்பியை விட்டுக் குத்துங்கள், மணல் அடைத்திருக்கும். சூடான என்ஜின் தலையில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு ஊற்றாதீர்கள், விரிசல் விடும். இருபது நிமிடம் ஆறட்டும். மறுபடி போட்டும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே தண்ணீரை இறைக்கும் ரப்பர் இறக்கை தேய்ந்துவிட்டது. அது கரையில் செய்கிற வேலை. முழங்கால் ஆழத்தில் மணலைக் கிளறிக்கொண்டு ஓட்டினால் அது சீக்கிரம் தேயும்.

ஸ்டார்ட்டர் கயிறு அறுந்தால் மேல்மூடியைக் கழற்றி, சுருள் பகுதியை எடுத்துவிட்டு, முடிச்சுப் போட்ட கயிற்றைப் ஃப்ளைவீல் சக்கரத்தின் வெட்டில் மாட்டிச் சுற்றி இழுக்கலாம். அதற்கான கயிறு என்ஜினோடு வரும். அப்படி இழுக்கும்போது கியர்ப் பாதுகாப்பு வேலை செய்யாது, சக்கரம் திறந்தபடி சுழலும். முந்தானை, துண்டு, நீளமுடி எதுவும் பக்கத்தில் கூடாது. கரையில் ஒரு முறை செய்து பழகாதவர்கள் ஆற்றில் முயல வேண்டாம்.

எப்போது கைவிடுவது

அரை மணி நேரம். அதற்குள் பிடிக்காவிட்டால் உதவி கேளுங்கள். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தால் அரை மணி நேரம்கூட வேண்டாம். வெளிச்சத்தில் பத்து நிமிடத்தில் கண்டுபிடிக்கும் படகை இருட்டில் தேட இரவெல்லாம் ஆகும்.

துறையில் தெரிந்த படகுக்காரர் எண் கையில் இருந்தால் அவரைத்தான் முதலில் கூப்பிட வேண்டும்; எல்லோரையும்விட முன்னால் வந்து சேர்வார். முகத்துவாரம் பக்கம் இழுபட்டால் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. எங்கிருந்தாலும் 112. பேசும்போது 'ஆத்துல நடுவுல' என்று சொன்னால் யாருக்கும் விளங்காது: எந்தத் துறையிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், வடகரை பக்கமா தென்கரை பக்கமா, கண்ணில் படும் கோயிலோ கோபுரமோ எது, எத்தனை பேர், நங்கூரம் போட்டிருக்கிறதா என்று சொல்லுங்கள். இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அலையாத்திக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். பேச்சு எடுக்காவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச்சேரும்.

போகிற மீன்படகை நிறுத்த வேண்டுமானால் எழுந்து நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி மெல்ல மேலும் கீழும் அசைத்துக் காட்டுங்கள். ஒரு கையை ஆட்டினால் டாட்டா காட்டுகிறீர்கள் என்று அவர்களும் டாட்டா காட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

அவர்கள் இழுத்துப்போக ஒப்புக்கொண்டால், "அண்ணே, எண்ணெய்க் காசு குடுத்துடறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பலர் வாங்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு நாள் தொழிலை நிறுத்திவிட்டு வருகிறவர் அவர். இழுகயிற்றை அணியத்தின் கீழே இருக்கும் இரும்பு வளையத்தில் கட்டுங்கள், மேலே இருக்கும் மரச்சட்டத்தில் வேண்டாம். கயிறு நீளமாக இருக்கட்டும். உங்கள் என்ஜினைத் தூக்கி வையுங்கள். ஆட்கள் கொஞ்சம் பின்னால் உட்காரட்டும். முன்பாரம் இருந்தால் படகு இரண்டு பக்கமும் அலையும். கயிற்றின் நேர்கோட்டில் யாரும் உட்காரக்கூடாது, அறுந்தால் சாட்டை மாதிரி வரும். நங்கூரத்தை எடுத்த பிறகுதான் இழுக்கச் சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா: பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், குறடு, ஸ்க்ரூடிரைவர், விசிறி ஊசிகள், பிளவு ஊசிகள், கிளிப், ரப்பர் வளையம், மெல்லிய கம்பி, கத்தி, துணி, டார்ச், விசில். டப்பாவுக்கு வெளியே இரண்டு துடுப்பு, ஒரு கழி, நீர் மொள்ள ஒரு வாளி. ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர். பெட்ரோல் கணக்கு: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு. போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கரையில் ஒருவரிடம், "ஐந்து மணிக்குள் நான் போன் பண்ணாவிட்டால் தேடு" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

காகித விஷயம்: 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி என்ஜின் வைத்த படகுக்குப் பதிவு வேண்டும், வாங்கும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். பிச்சாவரம் காட்டுக்குள் உங்கள் படகை நினைத்தபடி விட முடியாது, அது வனத்துறையின் காப்புக்காடு.

திரும்பி வந்ததும் என்ஜினின் உறிஞ்சு துளையில் நல்ல தண்ணீர்க் குழாயைப் பொருத்தி, அல்லது கீழ்க்காலைப் பெரிய டிரம் தண்ணீரில் இறக்கி, பத்து நிமிடம் ஓடவிடுங்கள். அப்போது விசிறி நியூட்ரலில் இருக்கட்டும். உப்பும் மணலும் உள்ளே தங்கினால் அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்பீர்கள். கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தி இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். தேன் நிறத்திலோ கருத்தோ வந்தால் சரி. பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் புகுந்துவிட்டது, மறுபடி ஆற்றில் இறக்கும் முன் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.